சர்ரியல் ஓவியமா? முதலில் நிழலைப் பாருங்கள்

கனவுபோல விசித்திரமான காட்சிகளைக் காட்டும் சர்ரியல் ஓவியத்தில் ஆப்பிளுக்கும் பறவைக்கும் அர்த்தம் தேடும் முன், நிழல்கள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பாருங்கள். ஒரே வெளிச்சத்துக்குப் பொருந்தாத நிழல்களும், வானம் பகலாகவும் தெரு இரவாகவும் இருப்பதும் காரணம் புரியுமுன்பே மனதைக் கலைத்துவிடும். படத்தின் மனநிலை பெரும்பாலும் அங்கேதான். அடுத்து, விசித்திரப் பொருள் எதைக் குறிக்கிறது என்பதைவிட எதை மறைக்கிறது என்று கேளுங்கள். ரெனே மக்ரீத்தின் ‘மனித குமாரன்’ (1964) ஓவியத்தில் பச்சை ஆப்பிள் மறைப்பது முகத்தை. விலக்கப்பட்ட கனியைத் தின்ற ஆதாம் கதைக்கு ஓடுவதைவிட இது நல்ல தொடக்கம்.

ஹுவான் மீரோவின் பல படங்களைப்போலத் தட்டையாக வரைந்தவற்றில் நிழலே இருக்காது. அங்கே நிறமும் கோடும்தான் வழி.