ஜீனியில் எஃப்9 அடம் பிடித்தால்

திருமங்கலத்திலிருந்து அக்கா மகள் லினக்ஸ் லேப்டாப்போடு வந்தாள். "மாமா, எஃப்8 அழுத்துனா சரிங்குது, எஃப்9 அழுத்துனா வையுது!"

நிரல் எழுத உதவும் ஜீனி (Geany) எடிட்டரில் எஃப்8 கம்பைல் மட்டும்தான் செய்யும், அதாவது நிரலை எந்திர மொழிக்கு மாற்றும். லைப்ரரியை, அதாவது ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்பை, இணைத்து ஓடும் ஃபைலாக்குவது எஃப்9. அவளுடைய சி நிரலில் வர்க்கமூலக் கணக்கு இருந்தது. லினக்ஸில் கணித லைப்ரரியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பில்டு மெனுவில் 'செட் பில்டு கமாண்ட்ஸ்' திறந்து, பில்டு வரியின் கடைசியில் ஓர் இடைவெளி, ஒரு ஹைபன், ஒட்டினாற்போல் சின்ன எல், சின்ன எம் (-lm). ஃபைல் பெயருக்கு முன்னால் போட்டால் பெரும்பாலும் பழைய குருடி கதவைத் திறடிதான்.

அப்புறம், கீழே சிவப்பில் வரும் பிழையைக் கிளிக் செய்தால் கர்சர் அந்த வரிக்கே போய் நிற்கும். இவள் இத்தனை நாளும் வரிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்!