புதுத் தொட்டியில் மீனை எப்போது விடலாம்?

தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் புதுத் தொட்டியில் மீன் சாகும். கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அங்கே இன்னும் குடியேறவில்லை.

குளோரின் நீக்கிய நீரில் ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, வாசனையும் சோப்பும் கலக்காத அமோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம், டெஸ்ட் கிட்டில் பார்க்கலாம்) வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். சில நாளில் அது இறங்கும், பாக்டீரியா அதை மாற்றி உண்டாக்கும் நைட்ரைட் ஏறும். பலர் அவசரப்படுவது இங்கேதான், நைட்ரைட்டும் நஞ்சு. நோயில்லாத பழைய தொட்டியின் அழுக்கு ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் யோகம், அதில் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும்; இல்லையென்றால் 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும்.

மறுபடி 2 பிபிஎம் அமோனியா சேர்த்த 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமா? பாதி நீரை மாற்றுங்கள். 60 லிட்டருக்கு முதலில் நாலைந்து சிறு மீன்கள் போதும். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள், குழாயடியில் வேண்டாம், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.