என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எழுதும் முன்: சிறிய கால்பந்து கிளப்புகள் ஒப்பந்தத்திலும் டிரான்ஸ்ஃபரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு சிறிய கால்பந்து கிளப்பின் அலுவலகம் என்பது பெரும்பாலும் செயலாளர் வீட்டின் முன்னறைதான். ஆவணக் காப்பகம் என்பது அந்த அறையில் இருக்கும் பீரோவின் கீழ்த்தட்டு. அந்தத் தட்டில் என்ன காகிதம் இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பொறுத்தே, நம்மிடம் பந்து உதைக்கக் கற்ற பையன் பெரிய அணிக்குப் போகும்போது கிளப்புக்கு ஏதாவது வந்து சேருவதும் சேராமல் போவதும் முடிவாகிறது. வடசென்னையின் ஒரு சிறிய கிளப்பில் பல சீசன்களாகக் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில், நாங்களே செய்த தவறுகளையும் பக்கத்து மைதானங்களில் செய்யக் கண்ட தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

தவறுகளில் மூத்தது, ‘அவன் நம்ம கிளப் பையன்’ என்ற நினைப்பு. பாசத்தில் சொன்னால் குறையில்லை. பேரம் பேசும்போது அதையே உரிமையாக நினைத்துவிடுகிறோம். ஓர் ஆட்டக்காரர்மீது கிளப்புக்கு இருக்கும் பிடி இரண்டுதான்: காலவரையறை உள்ள ஒப்பந்தம், கால்பந்துச் சங்கத்தில் செய்த பதிவு. 1995 டிசம்பரில் போஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறொரு நாட்டுக் கிளப்புக்குச் செல்பவருக்காக டிரான்ஸ்ஃபர் தொகை கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2001இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா தன் டிரான்ஸ்ஃபர் விதிகளைத் திருத்தி எழுதிய பின் அந்தக் கொள்கை எங்கும் வேரூன்றிவிட்டது. டிரான்ஸ்ஃபர் தொகை என்று நாம் சொல்வது, மீதமிருக்கும் ஒப்பந்தக் காலத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்வதற்குத் தரப்படும் பணம். ஒப்பந்தமே இல்லாத ஒருவருக்கோ, மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்துபோன ஒருவருக்கோ, ஜூன் மாதத்தில் ‘என்.ஓ.சி. வேண்டுமானால் ஐம்பதாயிரம் கொடு’ என்று கேட்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கேட்டு வாங்கியவர்கள் உண்டு. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாததால் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, சம்பளத்துக்குப் ‘பேட்டா’ என்றும் ‘வண்டிக் காசு’ என்றும் பெயர் வைத்து வவுச்சரில் முடிப்பது. ஃபிஃபா விதியின்படி ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாகப் பணமும் தரப்பட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவர் அமெச்சூர்தான். மாதம் எட்டாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுக் காகிதம் எழுதாமல் விட்டால், செலவு தொழில்முறைக் கிளப்பின் செலவாக இருக்கிறது, பாதுகாப்போ துளியும் இல்லை. எழுதும்போது தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கட்டாயம் வேண்டும்: குறைந்த காலம் நடப்பு சீசன் முடியும் வரை, அதிக காலம் 5 ஆண்டுகள், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 3 ஆண்டுகள். ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டும் செல்லும்’ என்று ஒரு வரி சேர்ப்பவர்கள், அப்படிப்பட்ட நிபந்தனையை ஃபிஃபா விதி ஏற்பதில்லை என்பதை அறிய வேண்டும். முழங்காலைப் பார்ப்பதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வயது விஷயத்தில்தான் எங்கள் பக்கத்துக் கிளப்புகள் அதிகம் ஏமாறுகின்றன. பதினாறு வயதுப் பையன் நன்றாக ஆடுகிறான் என்று தெரிந்ததும், முத்திரைத்தாள் வாங்கி, அப்பாவை அழைத்து, மூன்று ஆண்டுகளுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஃபிஃபா மூன்று ஆண்டுகளை அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வயது நிரம்பாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதியே இல்லை என்கிறது, அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் உறுதியாகச் சொல்லிவிட்டது. ‘அப்பாதானே போட்டார்’ என்ற சமாதானமும் உதவாது: சினிமாவில் நடிக்க வேண்டிய ஒரு சிறுமிக்காக அவள் தந்தை செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1940களின் இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைவிடப் பலருக்கும் தெரியாத செய்தி, பதினெட்டு ஆனதும் பழைய காகிதத்தின் அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்கினாலும் அதற்கு உயிர் வராது என்பது. புதிதாக ஒப்பந்தம் எழுதி, புதிதாக ஒரு தொகையும் பேசியாக வேண்டும்.

அதனால் நாங்கள் இப்போது செய்வது இதுதான். பதினெட்டு வரை பெற்றோரின் எழுத்துமூல இசைவோடு அமெச்சூராகப் பதிவு செய்கிறோம். பிறப்புச் சான்றிதழின் நகலை அன்றே வாங்கி வைக்கிறோம். பதினெட்டாவது பிறந்தநாளைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். இடைச்செருகலாக ஒன்று: ஜூனியர் போட்டிக்காக வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மாட்டினால் தடை வரும் என்பது ஒருபுறம் இருக்க, பயிற்சிக் காலத்தைக் கணக்கிட்டுப் பணம் கேட்கும் நாளில் நம் பதிவேடே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைக் கட்டிப்போடும் வரிகளை எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. ‘விலகினால் இரண்டு ஆண்டுகள் சென்னை லீக்கில் வேறு அணிக்கு ஆடக் கூடாது’, ‘எந்த அணி அழைத்தாலும் முதலில் எங்களிடம்தான் கேட்க வேண்டும்’ என்பவை அதற்கு எடுத்துக்காட்டுகள். ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்பது அதே இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் ஒரு விளம்பர மேலாண்மை நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், காலம் முடிந்த பிறகும் ‘முதல் வாய்ப்பு எங்களுக்கே’ என்று கட்டுப்படுத்தும் வரி செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு அணிக்கு ஆடாதே என்று சொல்வது வேறு, அது நிற்கும். எட்டாயிரம் சம்பளக்காரருக்கு ‘பாதியில் போனால் ஐந்து லட்சம் அபராதம்’ என்று எழுதுவதும் அச்சுறுத்த மட்டுமே பயன்படும். 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் மேல்வரம்பு மட்டுமே.

சம்பளத்தைச் சீசன் முடிவில் மொத்தமாகத் தரலாம் என்று நினைக்கும் கிளப்புகள் 2018இல் வந்த ஒரு ஃபிஃபா விதியைக் கவனிக்க வேண்டும்: இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் தரப்படாமல் போனால், ஆட்டக்காரர் எழுத்துமூலம் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். மாதச் சம்பளமாக இல்லாத ஒப்பந்தத்திலும் இரண்டு மாதத்துக்கு உரிய பங்கைக் கணக்கிட்டே பார்ப்பார்கள். ஸ்பான்சர் பணம் தாமதமாக வருகிறது என்பது நம் கவலையே தவிர அவர் கவலை அன்று. காயம்பட்டவரின் சம்பளத்தை நிறுத்துவதும் இதே குழியில்தான் தள்ளும். காயம் ஒப்பந்தத்தை முறிப்பதற்கான காரணம் ஆகாது.

இனி எங்கள் கதை. எங்களிடம் பதினொரு வயதில் வந்து, பதினேழு வரை ஆடிய ஒரு பையனைப் பெரிய கிளப் ஒன்று அழைத்தது. அவர்கள் தரப்பில் வந்தவர், தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மைதானத்து வாசலில், டீக்கடை பெஞ்சின் மேல் வைத்து எங்கள் செயலாளர் அதில் கையெழுத்திட்டு, பையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினார். பதிலுக்குப் பத்துப் பந்துகளும் இரண்டு செட் ஜெர்சியும் வந்தன. பிறகு வீட்டில் உட்கார்ந்து நகலைப் படித்தபோதுதான், மூன்றாவது வரியில், பயிற்சி இழப்பீடு உள்ளிட்ட எந்தத் தொகையையும் இப்போதும் எதிர்காலத்திலும் கோரமாட்டோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்திருப்பது தெரிந்தது. செயற்குழுத் தீர்மானமும் கிடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான எங்கள் சங்கத்தின் துணைவிதியில், பணம் சார்ந்த ஆவணத்தில் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று இருப்பதும் யாருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அன்றைய பொருளாளர் நான்தான். அந்தப் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் விட்டுக்கொடுத்தது என்ன என்பதைக் கணக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டிலிருந்து வேறு நாட்டுக் கிளப்புக்குப் போய் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போதும், 23ஆவது பிறந்தநாள் வரும் காலண்டர் ஆண்டு முடியும் வரை அப்படி ஒவ்வொரு முறை மாறும்போதும், பயிற்சி இழப்பீடு என்ற தொகை உண்டு. பயிற்சிக்குச் செலவிடும் அளவைப் பார்த்துக் கிளப்புகளைப் பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள்; புதிய கிளப் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை வைத்து அது கணக்கிடப்படும். ஆசியக் கூட்டமைப்பில் ஓர் ஆண்டுப் பயிற்சிக்கான மதிப்பு நான்காம் பிரிவுக்கு 2,000 டாலர், மூன்றாம் பிரிவுக்கு 10,000, இரண்டாம் பிரிவுக்கு 40,000. ஆனால் நான்காம் பிரிவுக் கிளப்புக்குப் போகும்போது இந்த இழப்பீடு இல்லை. இதைத் தவிர ஒருமைப்பாட்டுப் பங்கு என்று ஒன்று உண்டு: ஒப்பந்தக் காலத்துக்குள் பணம் கொடுத்து ஒருவரை வேறு நாட்டுக் கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டைப் பிடித்து, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வயது வரையுள்ள ஒவ்வொரு காலண்டர் ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 0.5 விழுக்காடு. பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை நம்மிடம் இருந்தவர் என்றால் நான்கு கால்கள், இரண்டு அரைகள், ஆக 2 விழுக்காடு. அவர் என்றைக்காவது ஐம்பது லட்ச ரூபாய்க்கு வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனால் நம் பங்கு ஒரு லட்சம். எங்கள் மைதானத்தின் ஓராண்டுப் பந்துச் செலவு அதற்குள் அடங்கிவிடும். நாட்டுக்குள்ளேயே இரண்டு இந்தியக் கிளப்புகளுக்கு இடையே நடக்கும் மாற்றத்துக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிகள்தாம் பொருந்தும் என்பதால், அந்தந்த சீசனின் விதித்தொகுப்பை வாங்கிப் படித்துவிட்டே தொகை பேச வேண்டும்.

பணம் கேட்க வேண்டுமானால் பதிவு வேண்டும். 2022 நவம்பரில், இந்தத் தொகைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஃபிஃபாவின் கிளியரிங் ஹவுஸ் செயல்படத் தொடங்கிய பின், ஆட்டக்காரர் எந்தெந்தக் கிளப்பில் எப்போது பதிவாகியிருந்தார் என்று காட்டும் மின்னணுப் பாஸ்போர்ட்டைப் பார்த்தே பங்கு பிரிக்கிறார்கள். அந்தப் பாஸ்போர்ட்டோ தேசியச் சங்கங்களின் பதிவுகளிலிருந்து உருவாகிறது. எங்களைப் போன்ற கிளப்புகள் லீக்கில் இறங்கும் இருபது, இருபத்தைந்து பேரை மட்டும் கூட்டமைப்பின் மத்தியப் பதிவு முறையில் சேர்த்துவிட்டு, மாலை வேளையில் வெறுங்காலோடு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வருகை நோட்டில் எழுதி விட்டுவிடுகிறோம். வியாசர்பாடி, சென்னையின் எஃப்.சி. வரை ஆடிய தனபால் கணேஷ் போன்றவர்களைத் தந்த இடம். வெறுங்காலோடு வருபவர்களில் யார் அப்படிப் போவார் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், எல்லோரையும்தான் பதிய வேண்டியிருக்கிறது. தகராறு என்று போனால், நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுகள் கடந்த கோரிக்கையை ஃபிஃபா விசாரிக்காது.

தொகை எழுதும்போது நேரும் பிழைகள் சிறியவை, விலை பெரியது. ‘மீதியைத் தவணையில் தருவோம்’ என்றால் எந்தத் தேதியில் எவ்வளவு என்று இருக்க வேண்டும். ‘மறுவிற்பனையில் 10 விழுக்காடு’ என்றால் முழுத் தொகையிலா, லாபத்திலா என்று இருக்க வேண்டும். ‘இருபது ஆட்டம் ஆடினால் கூடுதல் தொகை’ என்றால் 89ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியதும் ஆட்டம்தானா என்று அன்றே பேசிவிட வேண்டும். லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, அனுப்பினால் அதற்கும் எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும், சம்பளம் யார் தருவது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

நம் பகுதியில் இன்னொரு வழக்கமும் உண்டு. பையனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்து, சாப்பாட்டுக்கும் பார்த்துக்கொண்ட ஓர் அண்ணன் இருப்பார். டிரான்ஸ்ஃபர் வந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வாய்மொழியாகவோ எழுத்திலோ பேச்சு இருக்கும். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 2015 மே மாதத்திலிருந்து, டிரான்ஸ்ஃபர் தொகையில் மூன்றாம் ஆளுக்குப் பங்கு தரும் எந்த உடன்பாட்டையும் ஃபிஃபா தடை செய்திருக்கிறது. தண்டனை கிளப்புக்கு வரும். அவருக்கு நன்றி செலுத்த விரும்பினால் கிளப்பின் புரவலராக ஆக்கி, தந்த பணத்தை நன்கொடையாக எழுதி ரசீது கொடுங்கள்.

கடைசியாக, வெளியூர் மாதிரிப் படிவத்தைப் பார்த்து எழுதுபவர்கள் விட்டுவிடும் இரண்டு விஷயங்கள். ஒன்று செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். சனி, ஞாயிறுகளில் காசுக்காகச் செவன்ஸ் ஆடாத ஆட்டக்காரர் இங்கே அரிது. வெறுமனே தடை என்று எழுதினால் யாரும் மதிக்கப்போவதில்லை. முன்அனுமதி வாங்க வேண்டும், லீக் ஆட்டத்துக்கு முந்தைய மூன்று நாள் ஆடக் கூடாது, அங்கே பட்ட காயத்தின் செலவு யாருடையது என்று எழுதினால் பயனுண்டு. மற்றொன்று வேலை. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பிலோ தெற்கு ரயில்வேயிலோ வருமான வரித் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைப்பதுதான் எங்கள் பிள்ளைகளில் பலருக்கும், அவர்கள் வீட்டாருக்கும் கால்பந்தின் முழு அர்த்தம். அந்த ஆணை வந்த நாளில் ஒப்பந்தத்தைக் காட்டி என்.ஓ.சி. மறுத்த கிளப்பின் பக்கம் அதற்குப் பிறகு எந்தத் தாயும் தன் மகனை அனுப்பவில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். அரசுத் துறை அல்லது பொதுத்துறை நியமன ஆணை வந்தால் முப்பது நாள் எழுத்துமூல அறிவிப்போடு, எந்தத் தொகையும் இன்றி ஒப்பந்தம் முடியும் என்று எங்கள் படிவத்தில் இப்போது ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி விடுபட்ட முதல் பையன், அம்மாவோடு இனிப்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் பெயர் இருக்கும் ஆறு ஆண்டுப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.