முதல் சுஷி: மீன் புதுசாக இருந்தால் போதுமா?

டோக்கியோவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் எப்படியும் கேட்டுவிடுவார்கள்: "சுஷி சாப்பிட்டுப் பார்க்கணும், கூட வர்றீங்களா?" போவேன். போய்ப் போய், யார் எந்த இடத்தில் சறுக்குவார் என்று உட்காரும்போதே தெரிந்துவிடுகிறது. வந்த புதிதில் நாங்கள் அடித்த அதே கூத்துதான், ஆள் மட்டும் வேறு. குச்சி பிடிக்கத் தெரியாதது, பெயர்களைத் தப்பாக உச்சரிப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம். ஜப்பானியர்களே அப்படிச் சாப்பிடுவதுண்டு.

முதல் வாயே பச்சை மீன்

பச்சை மீன் இல்லாமல் சுஷி இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி விழுங்குகிறவர்கள் நிறையப் பேர். சுஷிக்கு அடிப்படை வினிகரும் உப்பும் சர்க்கரையும் கலந்த சோறு. சோறில்லாமல் வெறும் மீன் துண்டுகளாக வந்தால் அது சாஷிமி. சோற்றின் மேல் அவித்த இறால் (எபி), இனிப்புச் சேர்த்த முட்டை (தமாகோ), சாஸ் தடவி வாட்டிய விலாங்கு (உனாகி) எல்லாம் வரும். வெள்ளரிக்காயை உள்ளே வைத்துச் சுருட்டினால் கப்பாமாகி. இவற்றில் தொடங்குங்கள். பிறகு சால்மன், அப்புறம் சூரை. உனி என்கிற கடல் முள்ளெலி எல்லாவற்றுக்கும் கடைசி. எடுத்த எடுப்பில் உனி கேட்டு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். இன்றுவரை சுஷிக் கடை இருக்கும் பக்கமே அவர் வருவதில்லை.

எடுத்த எடுப்பில் ஒமாகாசே

டோக்கியோவின் ஆடம்பரக் கடைவீதியான கின்சாவில் கவுன்ட்டர் முன் உட்கார்ந்து, சமையல்காரர் தருவதைச் சாப்பிடும் ஒமாகாசே சில கடைகளில் 30,000 யென்னையும் தாண்டும். எது பிடிக்கும் என்றே தெரியாத நாக்குக்கு இது வீண் செலவு. பெல்ட்டில் தட்டுகள் சுற்றிவரும் கைட்டென் கடை இதற்கென்றே இருக்கிறது. 1958-இல் ஒசாகா பக்கம் ஷிராயிஷி யோஷியாகி தொடங்கி வைத்த முறை அது. பல கடைகளில் தட்டின் நிறத்தைப் பார்த்தே விலை தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு தட்டுக்கு இரண்டு துண்டு, பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு தட்டோடு போயிற்று.

"இப்பதான் பிடிச்ச மீன், பயப்படாதீங்க"

எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

நாலு தடவை கடைக்குப் போய் வந்ததும் வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை வரும். அரிசி, வினிகர், நோரி என்கிற கடற்பாசித் தாள் எல்லாம் கடையில் இருக்கின்றன. மீனுக்கு மட்டும் ஒரு பெரிய யோசனை: துறைமுகத்துக்கே விடியற்காலையில் போய், படகிலிருந்து இறங்கிய மீனைத் துள்ளத் துள்ள வாங்கிவந்தால் அதைவிடப் பாதுகாப்பு ஏது?

அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கிறது. கானாங்கெளுத்தி, சால்மன், கணவாய் போன்ற கடல் பிராணிகளுக்குள் வாழும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். மீன் செத்த பிறகு அதன் குடல் பகுதியிலிருந்து சதைக்குள் நகரக்கூடியது. மீன் புதிதாக இருப்பதால் இந்தப் புழுவுக்கு ஒரு கேடும் இல்லை. மீன் எவ்வளவு புதுசோ, உள்ளே இருக்கும் புழுவும் அவ்வளவு தெம்பாக இருக்கும்.

தெரிந்தவர் ஒருவர் இப்படித்தான் படகுக்காரரிடமே கானாங்கெளுத்தி வாங்கினார். உப்புப் போட்டு, வினிகரில் ஊறவைத்து, ஷிமேசபா மாதிரி செய்தார். வேண்டாம் என்று சொன்னேன். "வினிகர்ல எல்லாம் செத்துடும்" என்றார். அன்று நள்ளிரவில் மேல்வயிற்றில் கத்தி வைத்தாற்போல் வலி. மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பை விட்டு, இரைப்பைச் சுவரில் குத்திக்கொண்டிருந்த புழுவை இடுக்கியால் பிடித்து எடுத்தார்கள். போய்ப் பார்த்தபோது மனிதர் என்னிடம் சொன்னது: "ஆனா மீன் செம ஃபிரெஷ்ங்க!" என்ன பதில் சொல்வது?

வினிகர், உப்பு, சோயா சாஸ், வசாபி என்கிற காரமான பச்சை விழுது இவற்றில் எதுவுமே, சமையலில் சேர்க்கும் அளவில், அனிசாகிஸைக் கொல்லாது. ஜப்பான் சுகாதார அமைச்சகம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கொல்வது இரண்டுதான்: சூடு, உறைகுளிர். 60 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம், அல்லது மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் என்பது அமைச்சகத்தின் கணக்கு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இன்னும் கறாராக மைனஸ் 20-இல் 7 நாள் கேட்கிறது. வீட்டு ஃபிரீசர் பொதுவாக மைனஸ் 18-ஐ ஒட்டித்தான் நிற்கும், அதையும் ஐஸ்கிரீமுக்காக ஆளுக்கொரு தடவை திறந்து மூடுவோம். அதை நம்பி இறங்காதீர்கள்.

உறைய வைத்தால் சுவை போய்விடுமே என்பார்கள். தொலைதூரக் கடலில் பிடிபடும் சூரை கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரியில் உறைந்துதான் கரைக்கு வருகிறது. கடையில் நீங்கள் கண்ணை மூடி ரசித்த துண்டு அப்படி வந்ததாகவே இருக்கலாம். சால்மன் கதை வேறு. தங்கள் கடலில் பிடிபடும் சால்மனை ஒட்டுண்ணிக்குப் பயந்து ஜப்பானியர்கள் பொதுவாகப் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. 1980-களில் நார்வேக்காரர்கள் பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த, அந்தப் பயம் குறைந்த சால்மனைக் கொண்டுவந்து விற்ற பிறகுதான் சால்மன் சுஷி பரவியது. காட்டு சால்மனை வாங்கி அறுத்துவிட்டு "கடையில தர்றாங்களே" என்று வாதாடுவது செல்லாது. ஆற்று மீன், ஏரி மீன் பக்கம் போகவே வேண்டாம், அவற்றில் வேறு ஒட்டுண்ணிகள் உண்டு.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1820-களில் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) நிகிரி சுஷியை, அதாவது கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் வைக்கும் வகையைப் பரப்பியவர் என்று ஹனாயா யோஹேயைச் சொல்வார்கள். அன்று குளிர்பெட்டி கிடையாது. சூரையைச் சோயாவில் ஊறவைத்தார்கள், கொஹாதா என்ற சிறு மீனை உப்பிலும் வினிகரிலும் பதப்படுத்தினார்கள், அனாகோ விலாங்கை வேகவைத்தார்கள். கெடாமல் வைத்திருக்கச் செய்த வேலையே பிறகு சுவையாக நின்றுவிட்டது. இன்றும் நல்ல கடைகளில் சூரையைச் சில நாள் குளிரில் வைத்துப் பதம் வந்த பிறகே வெட்டுவார்கள். அறுத்த கையோடு சாப்பிட்டால் சதை இறுகலாக, ருசி பிடிக்காமல் இருக்கும். ஆக, துறைமுகத்துக்கு ஓடியவருக்கு ருசியிலும் லாபமில்லை.

வீட்டில் செய்தே ஆக வேண்டுமென்றால், ஜப்பானில் பொட்டலத்தின் மேல் சாஷிமிக்கு என்றோ பச்சையாகச் சாப்பிட என்றோ எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். சமைப்பதற்கு என்று எழுதியிருந்தால் சமைக்கத்தான். சிப்பியில் இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். சமைப்பதற்கான சிப்பி பழசு என்று அர்த்தமில்லை, எடுத்த கடற்பகுதியும் சுத்திகரித்த முறையும் வேறு. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் "சுஷி கிரேடு" என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்காவில் அதற்குச் சட்டப்படி விளக்கமே இல்லை. எந்த மீன், பண்ணையா கடலா, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் உறைந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

சூரையையும் கானாங்கெளுத்தியையும் வெளியே வெப்பத்தில் போட்டு வைத்தால் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு சமைத்தாலும் அது போகாது. நாக்கு சுருசுருவென்றால் துப்பிவிடுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் வெந்த வகைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சோற்றைச் சோயாவில் முக்குவது

சோறு சாஸை உறிஞ்சிக்கொண்டு கிண்ணத்திலேயே உதிரும், வாயில் உப்பு மட்டும் மிஞ்சும். துண்டைச் சாய்த்து மீன் பக்கத்தை லேசாகத் தொடுங்கள். சோற்றைச் சுற்றி நோரி கட்டி மேலே மீன் முட்டை வைத்த குன்கனைக் கவிழ்க்க முடியாது. ஊறுகாய் இஞ்சித் துண்டைச் சோயாவில் தோய்த்து மேலே தடவலாம். சாஸ் பூசியே வரும் விலாங்குக்குச் சோயா தேவையில்லை.

இஞ்சியை மீன் மேல் ஏற்றுவது

வேண்டாம். ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே வாயைச் சுத்தம் செய்யத்தான் அது.

வசாபி உருண்டை

முழுசாக வாயில் போடாதீர்கள். வேண்டாமென்றால் "சாபினுகி" என்று சொல்லுங்கள்.

மீன் துண்டு இல்லாததால் சைவம்

"மீன் வேண்டாம்" என்று சொன்னால் சமையல்காரர் மீன் துண்டைத்தான் விலக்குவார். கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் தாஷிச் சாறு தமாகோவில் இருக்கும், சோறு அடைத்த இனாரியின் டோஃபுப் பையை வேகவைத்த சாற்றில் இருக்கும், மிசோ சூப்பிலும் இருக்கும். நத்தோவோடு (புளிக்கவைத்த சோயா பீன்ஸ்) வரும் சாஸிலும் பெரும்பாலும் உண்டு. "கட்சுவோ தாஷி வேண்டாம்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கப்பாமாகியில் இந்தத் தொல்லை குறைவு.

மிச்சத்தை நாளைக்கு வைப்பது

ஃபிரிட்ஜில் வைத்தால் சோறு கட்டி தட்டும், வெளியே வைத்தால் மீன் கெடும். மூன்றாவது வழி இல்லை. மாலை நேரத்தில் சூப்பர்மார்க்கெட்டில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிய சுஷிப் பெட்டிகள் கிடைக்கும், நானும் வாங்குவேன். அன்றிரவே சாப்பிடுகிற அளவுக்கு ஒரே ஒரு பெட்டி.