உங்கள் வாசகர் கடிதம் ஏன் அச்சேறவில்லை?

‘ஐயா, வணக்கம். நாங்கள் மேற்கண்ட முகவரியில் முப்பது வருடங்களாகக் குடியிருந்து வருகிறோம்...’

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் பலருக்கும் இப்படித்தான் கை ஓடுகிறது. கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிய பழக்கம். மனுவைப் படித்தே ஆக வேண்டியது அதிகாரியின் வேலை. டீக்கடையில் பேப்பர் புரட்டுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விஷயம் ஐந்தாவது வரியில் இருந்தால் அவர் நான்காவதிலேயே பக்கத்தைத் திருப்பிவிடுவார். போதாக்குறைக்கு, இடம் பற்றாதபோது உதவி ஆசிரியர் பெரும்பாலும் அடியிலிருந்துதான் வெட்டுவார். ‘பேருந்து நிலையத்தின் பின்புறச் சாலையில் பத்து நாளாகத் தெருவிளக்கு எரியவில்லை’ என்பதே முதல் வரியாக இருக்கட்டும்.

சரி, எந்த ஊர்ப் பேருந்து நிலையம்? ‘எங்கள் பகுதியில்’, ‘இங்குள்ள சாலையில்’ என்று எழுதி, ஊரைக் கடைசிவரை சொல்லாமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. உள்ளூர்ப் பதிப்பே பல தாலுகாக்களுக்குப் போகிறது. ஊர், தெரு, எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றும் வேண்டும். யாரைக் கேட்கிறோம் என்பதிலும் கோட்டைவிடுகிறோம். தெருவிளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. சாய்ந்து நிற்கும் மின்கம்பம் மின்வாரியத்தினுடையது. ஊருக்குள் ஓடும் சாலை நகராட்சியுடையதாகவும் இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கலாம். துறை மாறித் திட்டினால் ‘இது எங்களுடையது இல்லை’ என்ற ஒரு வரியோடு ஆள் தப்பித்துவிடுவார்.

குப்பை, கொசு, தெருநாய், ரேஷன் அரிசி எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் திணிக்காதீர்கள். ஒன்று போதும். செய்திக்கோ தலையங்கத்துக்கோ பதில் எழுதுவதானால் அதன் தலைப்பும் தேதியும் வேண்டும், இரண்டு மூன்று நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆறிய சோற்றை யாரும் இலையில் போட மாட்டார்கள்.

பெரிய வம்பு கோபத்தில்தான் வருகிறது. ‘இன்ன அதிகாரி லஞ்சம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் கொடுத்தார்’ என்று கையில் ஆதாரம் இல்லாமல் எழுதுவது வழக்கில் முடியலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அவதூறுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. வெளியிட்ட பத்திரிகையோடு எழுதிய நீங்களும் மாட்டுவீர்கள். ஆசிரியர்கள் அத்தகைய கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவதில் ஆச்சரியமில்லை. ‘மார்ச் 3ஆம் தேதி மனு கொடுத்தேன், ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, இன்றுவரை பதில் இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். என்னைக் கேட்டால், திட்டுவதைவிட இது நன்றாகவே சுடும். சாலைக்கு எவ்வளவு செலவானது என்று தெரிய வேண்டுமா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தத் தொகையோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

பெயர், முகவரி, கைபேசி எண் இல்லாத கடிதம் பெரும்பாலும் குப்பைக்கூடைக்குத்தான் போகும். அச்சில் பெயர் வேண்டாம் என்றால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஆசிரியருக்காவது நீங்கள் யாரென்று தெரிய வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தட்டச்சு செய்து, மடலிலேயே ஒட்டிவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததைப் பத்திரிகை அலுவலகத்தில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். உட்கார்ந்து மாற்ற அவர்களுக்கு நேரம் ஏது? ஒரே கடிதத்தை நான்கு பத்திரிகைக்கு அனுப்புவதும் வேண்டாம். இரண்டில் ஒரே நாளில் வந்துவிட்டால் அடுத்த கடிதத்துக்கு மதிப்பிருக்காது.

வந்தது பாதிதான் என்று சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வந்த எல்லாவற்றையும் வெளியிட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை, சுருக்கவும் செய்யலாம்; பொருளை மட்டும் மாற்றக் கூடாது என்பது, பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறி. பொருளே மாறியிருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மன்றத்துக்குப் போகலாம். நாளிதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும்.

கடிதம் வந்துவிட்டால் அந்தத் துண்டை மட்டும் கத்தரிக்காதீர்கள். பத்திரிகைப் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே கொடுக்கும் மனுவில் ‘மேற்கண்ட முகவரியில்’ என்று தாராளமாகத் தொடங்கலாம்.