எந்தத் தொழில் செய்வது? கொழும்பில் தொடங்குபவர்களுக்கான வழிமுறை

"ஏதாவது பிசினஸ் செய்ய வேணும், என்ன செய்யிறதென்றுதான் தெரியேல்லை" என்பவர்களில் பலர் கடைக்குப் பெயரும் லோகோவும் ஏற்கனவே யோசித்து வைத்திருப்பார்கள். யார் வாங்குவார்கள் என்று கேட்டால் "எல்லாரும்" என்று பதில் வரும். இந்த வழிமுறை அந்த 'எல்லாரையும்' ஒரு தெருவுக்கும் ஒரு கட்டிடத்துக்கும் சுருக்குவதற்கானது. ஒரு கொப்பியும் ஒரு மாதப் பொறுமையும் போதும்.

படி 1: கையில் இருப்பதை எழுதுங்கள்

மற்றவர்கள் உங்களிடம் ஏற்கனவே என்ன உதவி கேட்கிறார்கள்? "தம்பி, இந்தப் படிவத்தை ஒருக்கா நிரப்பித் தாங்கோ", "அக்கா, இந்தப் பிளவுஸைக் கொஞ்சம் பிடிச்சுத் தருவீங்களா?" இப்படி வருவதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கலாம், போனால் போகட்டும் என்று விடக்கூடிய காசு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். சீட்டுக் காசு இந்தக் கணக்கில் வராது. தமிழும் சிங்களமும் தடுமாறாமல் கதைக்க முடிந்தால் அதையும் சேருங்கள், கொழும்பில் அதுவும் ஒரு முதல்தான்.

எனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

படி 2: ஓரிடத்தில் நின்று பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். புறக்கோட்டையில் தொடங்குவது நல்லது. செட்டியார் தெருவில் நகை, இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி, நான்காம் குறுக்குத் தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் என்று தெருவுக்கொரு தொழில். கொஞ்சம் தள்ளிப் பஞ்சிகாவத்தைக்குப் போனால் வாகன உதிரிப்பாகம். புதிதாக வருபவர் இதைப் பார்த்து "எல்லாம் நிரம்பிக் கிடக்கிறது, நமக்கு எங்கே இடம்" என்று திரும்பிவிடுகிறார். அங்கே இன்னொரு துணிக்கடை போட யாரும் சொல்லவில்லை. அந்தக் கடைகளுக்கும் அங்கே வருபவர்களுக்கும் இடையில் என்ன இழுபடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஹற்றனிலோ வவுனியாவிலோ சின்னப் புடவைக் கடை வைத்திருப்பவர் இரவு பஸ் ஏறி வருகிறார். சாமான் எடுத்து, பேரம் பேசி, மூட்டை தூக்கும் நாட்டாமியிடம் சாமானைக் கொடுத்து, மாலையில் திரும்புகிறார். பெரிய கொள்முதலுக்கு அது சரி. கல்யாணக் காலத்தில் ஒரே நிறத்தில் ஆறு சேலை மட்டும் குறைந்தால்? அதற்காக ஒரு நாள் கடையைப் பூட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் துணியைக் காட்டி, விலை பேசி, பார்சல் போட்டுவிடும் நம்பகமான ஆள் அவருக்குத் தேவைப்படலாம். இதைத் தெருவில் நின்றால்தான் காண்பீர்கள்.

அடுத்து வெள்ளவத்தை. காலை பத்து மணியளவில் காலி வீதியில் ஒரு பார்மசிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் வயதானவர்கள் பிளாஸ்டிக் உறையில் மருந்துச் சீட்டோடு வருவார்கள். மூன்று மருந்தில் ஒன்று அங்கே இருக்காது. வெயிலில் அடுத்த கடைக்கு நடப்பார்கள், இல்லையென்றால் ஓட்டோ பிடிப்பார்கள். யார் காத்திருக்கிறார், யார் திரும்பிப் போகிறார், யார் இரண்டாம் முறை வருகிறார் என்பதையெல்லாம் கொப்பியில் எழுதுங்கள்.

படி 3: போன கிழமையைப் பற்றிக் கேளுங்கள்

"இப்படி ஒரு சேவை தந்தால் எடுப்பீங்களா?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் முகத்துக்கு முன் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நல்ல ஐடியா, செய்யுங்கோ மகன்" என்று தேத்தண்ணியும் தருவார்கள். "அன்ரி, போன கிழமை மருந்து எடுக்க என்ன செய்தீங்கள்? யார் போனது? ஓட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தீங்கள்?" என்று கேளுங்கள். அடிக்கடி வருகிற சிரமமா, இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், அதற்குக் காசு செலவாகிறதா என்பது வெளியே வரும். பக்கத்து வீட்டுப் பையன் சும்மா வாங்கிக் கொடுக்கிறான் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

படி 4: கணக்குப் போடுங்கள்

வெள்ளவத்தையில் பார்த்த வயதானவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் சேவை என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு மட்டும் சில இலக்கங்கள். பத்து வீடு, மாதம் ஆளுக்கு 4,000 ரூபாய், வீட்டுக்கு நான்கு பயணம். வரவு 40,000. நாற்பது பயணத்துக்கு ஓட்டோ போய்வர 500 படி 20,000 போய்விடும். பயணத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் அறுபது மணித்தியால உழைப்புக்கு மிஞ்சுவது 20,000, அதாவது மணிக்கு சுமார் 333 ரூபாய். கை நட்டமில்லை, ஆனால் தொழிலும் இல்லை.

இப்போது அந்தப் பத்து வீடும் ஒரே அடுக்குமாடியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கலாம். பயணம் இருபது, ஓட்டோச் செலவு 10,000, மிச்சம் 30,000, உழைப்பு ஏறக்குறைய முப்பது மணித்தியாலம். சேவையும் விலையும் அதேதான், மணிக்கூலி மட்டும் மூன்று மடங்கு. ஆகவே நீங்கள் தேட வேண்டியது வயதானவர்கள் நிறைந்த ஒரு கட்டிடம்.

ஒன்று கவனம்: மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் மருந்து வாங்கிக் கொடுப்பது வேறு, நீங்களே மருந்து வைத்து விற்பது வேறு. இரண்டாவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

படி 5: நிலைக்குமா என்று பாருங்கள்

2022இல் எரிவாயு கிடைக்காமல் வீடுகளில் மண்ணெண்ணெய் அடுப்பும் விறகும் தேடினார்கள். பெற்றோல் வரிசையும் நீண்டது. நெருக்கடியில் எழும் தேவை உண்மைதான், ஆனால் அது தீர்ந்ததும் சரக்கு உங்கள் தலையில் நிற்கும். நிரந்தரமான மாற்றம் வேறு வகை. கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மனிங் சந்தை பேலியகொடைக்குப் போனபோது, ரயிலில் இறங்கி நடந்தே மரக்கறி எடுத்தவர்களின் பாதையே மாறியது. அப்படியான இடத்தில் வாகனம், தரகு, சிறு விநியோகம் எல்லாவற்றுக்கும் புது இடைவெளி விழுகிறது.

படி 6: மூன்று பேரிடம் காசு வாங்குங்கள், பிறகு பதியுங்கள்

விசிட்டிங் கார்டுக்கு முன் ஒரு மாதக் கட்டணத்தை முன்பணமாகத் தருகிற மூன்று பேரைப் பிடியுங்கள். சொந்தக்காரர் கணக்கில் சேராது. கிடைத்தால், தனியாள் தொழில் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். எந்தெந்தப் பத்திரம் தேவை என்று முதலே விசாரித்துக்கொண்டு போங்கள். கம்பனியாகத் தொடங்குவதென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலானோருக்கு அது அவசியப்படாது. சாப்பாடு சம்பந்தப்பட்டதென்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலிலேயே கதையுங்கள், சமையலறையை மாற்றிக் கட்டும் செலவு மிச்சமாகும்.

மூவர் கிடைக்கவில்லையென்றால் விலையைக் குறைக்க ஓடாதீர்கள். அடுத்த கட்டிடத்துக்கோ அடுத்த தெருவுக்கோ போய் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள். கொப்பி அதே கொப்பிதான், பழைய பக்கங்களைக் கிழிக்க வேண்டாம்.