மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்பவருக்கு

சோதனை வாசலில் 11 ஆண்டுகள் நின்றிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவரிடம் முதலில் சொல்வது இதுதான்: இந்தக் கருவி ஆயுதத்தைக் கண்டுபிடிப்பதில்லை, உலோகம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. என்ன உலோகம் என்று பார்ப்பது நம் வேலை.

இருபக்கப் பலகைகளுக்குள்ளும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவை விட்டுவிட்டு எழுப்பும் காந்தப்புலம், கடந்து செல்பவரிடம் உள்ள உலோகத்தில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது எழுப்பும் எதிர்ப்புலத்தைச் சுருள்கள் உணர்ந்ததும் ஒலி எழும்புகிறது. எக்ஸ் கதிர் எதுவும் இதில் இல்லை. கர்ப்பிணிகள் தயங்கி நின்றால் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வாசலை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 1881ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்கருவியுடன் வந்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தையில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்கிறார்கள். நம் வாசலுக்கும் அதே தொல்லை உண்டு. அசையாத இரும்பைவிட அசையும் இரும்பு மோசமானது: லிஃப்ட், ஷட்டர், திறந்து மூடும் எஃகுக் கதவு. பை சோதிக்கும் இயந்திரத்தின் மோட்டாரும் தொந்தரவு தரும். எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது கருவியோடு வரும் கையேட்டில் இருக்கும். தரை சமமாக இருக்கட்டும். தோள் பட்டு வாசல் ஆடினாலும் பொய்யாக ஒலிக்கும் என்பதால் தரையோடு முடுக்கிவிடுங்கள். இரண்டு வாசல்கள் அருகருகே இருந்தால், ஒன்றின் காந்தப்புலம் மற்றதைக் குழப்பாதபடி அவற்றை ஒத்திசைக்காமல் இயக்காதீர்கள்.

பணி தொடங்கும்போது முதலில் உலோகம் ஏதுமின்றி நீங்களே நடந்து பாருங்கள், ஒலிக்கக் கூடாது. பிறகு வாசலைச் சரிபார்க்க வைத்திருக்கும் உலோகத் துண்டைக் கணுக்கால், இடுப்பு, அக்குள், தலை என்று ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டு நடங்கள். ஒவ்வொரு முறையும் ஒலிக்க வேண்டும். கணுக்காலைத் தவிர்த்துவிடாதீர்கள். முடிவைப் பதிவேட்டில் எழுதுங்கள். மின்சாரம் போய் வந்தால் மறுபடியும் சோதியுங்கள்.

வருபவர்களிடம் சாவி, செல்போன், சில்லறை, பெல்ட் ஆகியவற்றைத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் முழுதாகக் கடந்த பிறகே அடுத்தவர் வர வேண்டும். இயல்பான நடை போதும். சக்கர நாற்காலியில் வருபவரை வாசல் வழியாக அனுப்பாமல், தனியிடத்தில் கையால் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். பேஸ்மேக்கர் இருப்பதாகச் சொல்பவர் நிற்காமல், பலகையில் சாயாமல் இயல்பாகக் கடந்து செல்லலாம். அவர் தயங்கினால் கையால் சோதியுங்கள். கையில் பிடித்துச் சோதிக்கும் சிறிய டிடெக்டரான கைக்கருவியை அவர் மார்புக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இனி ஒலி எழுந்தால் என்ன செய்வது என்பது. என் முதல் ஆண்டில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஒருவர் கடந்தபோது ஒலித்தது. இடுப்பில் பெரிய பெல்ட் கொக்கி. அதுதான் காரணம் என்று அனுப்பிவிட்டேன். அவர் மேற்பார்வையாளர் அனுப்பிய ஆள். காலுறைக்குள் சோதனைக் கத்தி இருந்தது. உலோகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பலகையில் விளக்கு எரிந்து காட்டும். இடுப்பு உயரத்தில் எரிந்த விளக்கைப் பார்த்தேன், கீழே எரிந்ததைப் பார்க்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே ஒலித்ததும் முதலில் விளக்குகளைப் பாருங்கள், எல்லா உயரத்திலும். ஒரு பொருள் கிடைத்தால் அதை எடுத்து வைக்கச் சொல்லி மறுபடியும் நடக்கவிடுங்கள். இன்னும் ஒலித்தால் கைக்கருவியால் உச்சி முதல் பாதம் வரை சோதியுங்கள். எலும்பில் பொருத்திய தகடு என்று ஒருவர் சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த இடத்தைச் சோதித்த பிறகே அனுப்புங்கள். பெண்களைப் பெண் ஊழியரே, மறைப்புக்குள் சோதிக்க வேண்டும்.

வரிசை நீளும்போது உணர்திறனைக் குறைக்கச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். குறைக்காதீர்கள். அதை மாற்றும் கடவுச்சொல் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். கூட்டம் தாங்கவில்லை என்றால் இன்னொரு வாசலையும் இன்னோர் ஆளையும் கேளுங்கள். நான் இரண்டு முறை கேட்டுப் பெற்றிருக்கிறேன்.